பேராசிரியர் ஸ்டைன்மெட்ஸ் நினைவு உதவித்தொகை

1889ஆம் ஆண்டில் நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கிய ஓர் இளைஞரைக் குடிநுழைவு அதிகாரிகள் திருப்பியனுப்ப முற்பட்டனர். நான்கடி உயரம், கூன் விழுந்த முதுகு, கையில் பணமில்லை, ஆங்கிலமும் வாராது. உடன்வந்த நண்பர் பொறுப்பேற்றதனாலேயே உள்ளே விடப்பட்டார். வாயிலில் நிறுத்தி ஆளை அளக்கும் வழக்கத்தை நம்மவர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

செருமனியின் பிரெஸ்லாவு நகரில் 1865இல் பிறந்து, சமவுடைமைக் கொள்கையின் பொருட்டு, முனைவர் பட்டம் கைக்கெட்டும் வேளையில் நாடு துறந்த சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் அவர்களே அவ்விளைஞர். காந்தமேற்றப்படும் இரும்பில் ஆற்றல் வெப்பமாய் வீணாகும் அளவை முன்கூட்டியே கணிக்கும் விதியை அவர் 1892இல் வெளியிட்டார். 1902இல் ஸ்கெனெக்டடி நகர யூனியன் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியரானார். அந்நகரக் கல்விக் குழுவின் தலைவராக அமர்ந்து, குடியேறியோர் பிள்ளைகட்குத் தனி வகுப்புகள் ஏற்படுத்திய தொண்டையே நாம் இவற்றினும் பெரிதாய்க் கருதுகிறோம்.

மணம் புரியாத அப்பெருந்தகை, தம் உதவியாளர் ஒருவரை மகனாக ஏற்று, அவர்தம் மக்களைப் பேரப்பிள்ளைகளாகவே கொண்டாடினார். 1923இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே, அவர் பணியாற்றிய ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொருளுதவியால், யூனியன் கல்லூரியில் அவர் பெயரால் உதவித்தொகை ஒன்று தொடங்கப்பெற்றது. பொறியியலோ இயற்பியலோ பயிலும் மாணவர்க்கென அதே பெயரில் மற்றொன்றும் பின்னாளில் அங்கு அமைந்தது. அதனை நிறுவியவர், குருதித் தொடர்பற்ற அப்பேரப்பிள்ளைகளுள் ஒருவரான பெண்மணியாவார்.