ரோஜா முள் தந்த விடை

பள்ளித் தோட்டத்து ரோஜாச் செடிகளைக் கத்தரித்த அன்று எங்களில் பலருக்கு விரலில் முள் தைத்தது. ஓரிரு நாளில் அவ்விடம் சிவந்து, வீங்கி, சீழ் பிடித்தது. அந்தச் சீழில் கிடப்பவை நமக்காகப் போரிட்டு மடிந்த இரத்த வெள்ளை அணுக்கள் என்று அறிவியல் வகுப்பில் கேட்டதும் முகம் சுளித்தோம். இதே ரோஜா முள்ளைக் கொண்டு அந்தப் போரைக் கண்டறிந்தவர் இலியா மெச்னிகோவ்.

இவர் 1845-ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசில், கார்கிவ் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். நான்காண்டுப் பட்டப்படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். ஒதெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். ஆனால் வீட்டில் துயரம் குடிகொண்டது. முதல் மனைவி லுத்மிலாவுக்குக் காசநோய். 1869-இல் திருமணத்தன்று அவரை நாற்காலியில் அமர்த்தி ஆலயத்திற்குத் தூக்கி வந்தார்கள். 1873-இல் அவர் இறந்தார். பின்னர் மணந்த ஒல்காவையும் டைபாய்டு காய்ச்சல் வாட்டியது; நல்லவேளையாக அவர் பிழைத்தார். நோய் என்பது மெச்னிகோவுக்கு வெறும் ஏட்டுப் பாடமாக இருக்கவில்லை.

1882-இல் அவர் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து, ஒல்காவையும் அவருடைய தம்பி தங்கையரையும் அழைத்துக்கொண்டு சிசிலித் தீவின் மெசினா நகருக்குச் சென்றார். அங்கே ஒருநாள், குரங்குகளின் வித்தையைக் காண வீட்டார் எல்லோரும் சர்க்கசுக்குப் போய்விட்டனர். (நாமாக இருந்தால் முதல் ஆளாகப் போயிருப்போம்!) அவர் மட்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலுக்குள் ஊர்ந்து திரியும் அணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவை உடலைக் காக்கும் காவலர்களோ என்ற எண்ணம் சட்டென்று எழுந்தது. அப்படியானால், உடலில் முள் தைத்தால் இவை அங்கே ஓடிவர வேண்டுமே! தோட்டத்திற்கு விரைந்தார். அங்கேதான் சில நாட்களுக்கு முன் குழந்தைகளுக்காக ஒரு சிறு ஆரஞ்சு மரத்தைக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்தார்கள். ரோஜா முட்களைப் பறித்து வந்து குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். இரவெல்லாம் உறக்கமில்லை. விடிந்ததும் பார்த்தார். அணுக்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன.

அவற்றுக்கு 'விழுங்கும் அணு' என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. வெள்ளை அணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்றே அந்நாளில் பலர் நம்பினர். நோயைத் தடுப்பது அணுக்களல்ல, இரத்தத்தின் நீர்ப்பகுதியே என்று ஜெர்மானிய அறிஞர்கள் வாதாடினர். லூயி பாஸ்டர் 1888-இல் பாரிசிலுள்ள தம் ஆய்வு நிலையத்தில் இவருக்கு இடமளித்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1908-இல், நோபல் பரிசு இவருக்கும் எதிரணியின் பால் எர்லிக்குக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. இரு கட்சியாரும் சொன்னதில் உண்மை இருந்தது.

முள் தைத்த செய்தியை அணுக்களுக்கு யார் சொன்னார்கள்? இதற்கு முழு விடை காண நெடுங்காலம் ஆயிற்று. நம் உடலில் காயம்பட்ட திசு சில இரசாயனப் பொருள்களைக் கசியவிடுகிறது. அருகிலுள்ள இரத்தக் குழாயின் உட்சுவர் பசைபோல் ஒட்டத் தொடங்குகிறது. ஓடும் வெள்ளை அணு அதில் பட்டு, உருண்டு, நின்று, சுவரின் இடுக்கு வழியே வெளியே நுழைகிறது. அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் அந்த இரசாயனத்தைப் பற்றிக்கொள்ள, உள்ளே செய்தி கைமாறிக் கைமாறிச் செல்கிறது. இரசாயனம் மிகுந்த பக்கமாகவே அணு தன் உடலைக் கால்போல் நீட்டி நகர்கிறது. இத்தகைய அழைப்புப் பொருள்களில் ஒன்றான இன்டர்லூகின்-8, 1987-இல்தான் கண்டறியப்பட்டது.

முதுமையைத் தள்ளிப்போட மெச்னிகோவ் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். மோரின் அருமையை நம் பாட்டிமாருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை! 1916-இல் தம் 71-ஆம் வயதில் பாரிசில் காலமானார். அவரது சாம்பல், அவர் உழைத்த பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில் ஒரு கலசத்தில் இருக்கிறது.