வைத்தியர் செகாவ்

ஒருவருடைய பெருமையை அறிதற்கு அவர் ஆற்றிய அருஞ்செயல்களை மட்டும் எண்ணிப் பார்த்தல் போதாது. விடியல் முதல் இருள் வரை அவர் தம் நாளை எங்ஙனம் செலவிட்டார், வீட்டாரிடத்து எங்ஙனம் ஒழுகினார், வாயிலில் வந்து நின்ற ஏழையை எங்ஙனம் ஏற்றார் என்பனவும் அறிதற்குரியன. ருஷ்ய நாட்டுச் சிறுகதையாசிரியரும் நாடகாசிரியருமாகிய அந்தோன் செகாவின் எழுத்துப் புகழ் உலகறிந்தது. அவர் பல்லாண்டு வைத்தியராக உழைத்தமையை அறிந்தார் சிலரே. அவ்வாழ்க்கையை நம் சங்கத்து அன்பர்கட்கு ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றேம்.

செகாவ் 1860-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள், அசாவ் கடற்கரையிலுள்ள தாகன்ரோக் என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் நிலக்கிழார் ஒருவர்க்கு அடிமையாயிருந்த குடியானவர்; அரும்பாடுபட்டுப் பொருளீட்டி, 1841-ஆம் ஆண்டிற் குடும்பத்துடன் விடுதலையை விலை கொடுத்துப் பெற்றவர். தந்தையார் பலசரக்குக் கடை நடத்தினார். 1876-ஆம் ஆண்டிற் கடை நொடித்தது. கடன்காரர்க்கு அஞ்சித் தந்தையார் மாஸ்கோவுக்குச் சென்றார், குடும்பத்தாரும் பின்தொடர்ந்தனர். பதினாறு வயதுச் செகாவ் பள்ளிப் படிப்பை முடிக்கும் பொருட்டுத் தனியே பின்தங்கினார். சிறுவர்க்குப் பாடஞ்சொல்லித் தம் வயிற்றைக் காத்துக்கொண்டார். அடிமையின் பேரன் வைத்தியனாதற்குக் கல்வியொன்றே ஏணியாயிற்று.

1879-இல் அவர் மாஸ்கோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயிலப் புகுந்தார். தாகன்ரோக் நகரசபையார் மாதம் 25 ரூபிள் உதவிச் சம்பளம் அளித்தனர். அது குடும்பத்தின் வறுமைக்குப் போதாமையால், நகைச்சுவைப் பத்திரிகைகட்குச் சிறு கதைகள் எழுதத் தொடங்கினார். பகலிற் பாடமும் இரவில் எழுத்துமாக ஐந்தாண்டு கழிந்தது. 1884-இல் வைத்தியராகத் தேறினார். அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் இருமலில் முதன்முதல் இரத்தம் கண்டது.

1886-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற் குடும்பத்துடன் மாஸ்கோ சாதோவயா குத்ரின்ஸ்கயாத் தெருவிலுள்ள ஒரு சிவந்த மாடிவீட்டிற் குடிபுகுந்தார். அதன் வடிவத்தைக் கண்டு, அலமாரிப் பெட்டி என்று அதனை நகையாடுவார். நாள்தோறும் பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை கீழறையில் நோயாளரைப் பார்ப்பார். வந்தவருட் பலர் நண்பரும் ஏழை எழுத்தாளரும் ஆதலின், வருவாய் குறைவு. ஏனைய நேரங்களில் அழைத்தவர் வீட்டுக்குச் செல்லுதலும், எழுதுதலும், வந்தவரோடு அளவளாவுதலுமாகப் பொழுது கழியும். மேல்மாடியில் தங்கையார் மரியாவும் தோழியரும் வாத்தியம் வாசித்துப் பாட, அவ்வொலி கீழே எழுதுவார் காதில் விழும். அரவம் அவர் எழுத்துக்கு இடையூறாகவில்லை. வீடு வெறிச்சென்றிருத்தலே அவர்க்குப் பொருந்தாது.

நகரத்து விழாக்களும் நாடகங்களும் அவரை ஈர்த்தன. 1887-இல் அவருடைய இவானோவ் என்னும் நாடகம் கோர்ஷ் நாடகசாலையில் நடிக்கப்பெற்றது. அவையில் ஒரு சாரார் கைகொட்ட, ஒரு சாரார் சீறினர். 1889-இல் இசைப் புலவர் சைக்கோவ்ஸ்கி அச்சிவந்த வீட்டுக்கே வந்து அவரைக் கண்டு சென்றார். இத்தகைய பெருமைகட்கிடையே மறுநாட் பகல் பன்னிரண்டு மணிக்கு நோயாளர் வருவர் என்பதைச் செகாவ் மறந்தாரில்லை.

கோடைதோறும் குடும்பத்தோடு நகரைவிட்டு நீங்குதல் அவர் வழக்கம். 1885 முதல் மூன்று கோடைகளைப் பாப்கினோ என்னும் சிற்றூரிற் கழித்தனர். ஆற்றிலே தூண்டிலிடுதலும், காட்டிலே காளான் பறித்தலும் வீட்டார்க்குப் பெருங்களிப்பு. அண்டையிலிருந்த ஓவியர் லெவித்தானைக் குற்றவாளியாக நிறுத்தி, வேடிக்கை நீதிமன்றம் கூட்டி, ஒருவர் நீதிபதியாகவும் ஒருவர் வழக்கறிஞராகவும் வேடம் புனைந்து விளையாடுவர். அவ்விடத்தும் குடியானவர் நோயோடு வந்து நிற்பர். தூண்டிலை வைத்துவிட்டு வைத்தியர் எழுவார்.

இவ்வினிய நாட்களுள் துன்பம் இல்லாமலில்லை. மாஸ்கோவில் ஒரு குடும்பத்தில் தாயும் பெண்மக்களும் விஷக்காய்ச்சலிற் கிடந்தபோது, இளம் வைத்தியராகிய செகாவ் இரவு பகலாக உடனிருந்தார். தாயும் ஒரு மகளும் இறந்தனர். அம்மகள் அவர் கையைப் பற்றியபடியே உயிர் நீத்தாள் என்று அவர் தம்பியார் தம் நினைவு நூலிற் குறித்துள்ளார். 1889-இல் ஓவியராகிய தமையன் நிக்கொலாய் க்ஷயரோகத்தால் மாண்டார். அதே நோய் தம் மார்பிலும் குடிகொண்டமை வைத்தியர்க்குத் தெரியாததன்று. ஆயினும் பிற வைத்தியர் தம்மைப் பரிசோதித்தற்கு அவர் இணங்கிலர். தாயார் கலங்குவார் என்றும், இல்லத்துச் சுமையைத் தாங்குவார் வேறு இலர் என்றும் நோயை மறைத்தார் போலும்.

1892-இல் மாஸ்கோவுக்குத் தெற்கே மேலிகோவோ என்னும் ஊரில் நிலமும் வீடும் வாங்கிப் பெற்றோரோடு குடியேறினார். அவ்வாண்டே வாந்திபேதி பரவியது. இருபத்தைந்து கிராமங்கள், நான்கு தொழிற்சாலைகள், ஒரு மடம் ஆகிய இவற்றைக் காக்கும் பொறுப்பைச் சம்பளம் பெறாமல் ஏற்றார். கரடுமுரடான வழிகளிற் குதிரை வண்டியேறி ஊர்தோறும் சென்றார். செல்வரிடம் சென்று கொட்டகைகட்குப் பொருள் இரந்தார். அக்காலத்து எழுத்து வேலை பெரிதும் நின்றது. விடியலில் வாயிலில் வந்து காத்திருக்கும் குடியானவர்க்கு இலவசமாக மருந்தளித்தார். மரியா உடனிருந்து உதவினார். பின்னர், அச்சுற்றுப்புறத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள் எழுப்பத் தம் பொருளையும் உழைப்பையும் ஈந்தார். தம்மை வளர்த்த தாகன்ரோக் நகரத்து நூல்நிலையத்துக்கு நூல்களை மூட்டை மூட்டையாக அனுப்பிவந்தார்.

1897-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், மாஸ்கோ உணவு விடுதியொன்றில் நண்பரோடு விருந்துக்கு அமர்ந்தபோது வாயினின்றும் இரத்தம் பெருகிற்று. இனி மறைத்தற்கு வழியில்லை. பேராசிரியர் ஒஸ்த்ரவுமோவின் வைத்தியசாலையிற் சேர்க்கப்பெற்றார். டால்ஸ்டாய் அங்கு வந்து உரையாடிச் சென்றார். பின்பு, குளிர் குறைந்த யால்தா நகரில் வாழ்தல் கடனாயிற்று. அங்கேயும், கையிற் பொருளின்றி வந்த க்ஷயரோகிகட்கு இடந்தேடித் தருதல் அவர் அன்றாட வேலையாயிற்று. நோயுற்ற நாட்டுப்புற ஆசிரியர்கட்கு ஒரு சுகவாசசாலை அமைக்கவேண்டும் என்று விழைந்ததை கார்க்கி தம் நினைவுகளில் எழுதியுள்ளார். ஆசிரியத் தொழிலிற் காலங்கழிக்கும் எமக்கு, அவ்வொரு விழைவே அவரை உறவினராக்குகின்றது.

1901-இல் ஓல்கா நிப்பர் என்னும் நடிகையை மணந்தார். மனைவியார் மாஸ்கோ நாடகமேடையிலும் கணவர் யால்தாவிலுமாகப் பெரும்பாலும் பிரிந்தே வாழ நேர்ந்தது. 1904-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், ஜெர்மனியிலுள்ள பாதன்வைலர் என்னும் ஊரில், மனைவியார் அருகிருக்க, நாற்பத்து நான்காம் வயதிற் காலமானார். மாஸ்கோவின் சிவந்த வீடு இன்று அவர் நினைவுக் காட்சிசாலையாக விளங்குகின்றது.

அன்பர்களே, இவ்வரலாற்றில் நாம் கொள்ளற்பாலன இரண்டு. தொழிலும் குடும்பமும் பொதுநலமும் ஒருவர் நாளில் ஒருங்கே இடம்பெறக் கூடும். நேரம் இல்லை என்று கூறுவார்க்குச் செகாவின் ஒரு பகல் விடையாகும். மற்றொன்று சற்றுக் கசப்பானது. பிறர் நாடியைப் பிடித்த கை தன் நாடியைப் பிடிக்க மறுத்தமையால், இன்னும் பல்லாண்டு உலகுக்குப் பயன்படத்தக்க ஓர் உயிர் விரைவிற் கழிந்தது. குடும்பத்துக்காக உழைப்பவர் தம் உடம்பையும் குடும்பத்தின் சொத்தாகவே எண்ணிப் பேணல் வேண்டும். மறைத்த நோய் வீட்டாரை வருந்தாமற் காப்பதில்லை. வருத்தத்தைச் சில காலம் தள்ளிவைப்பதே அது செய்வது. நம் இல்லங்களிலும் இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குச் செல்லும் தந்தையர் உளராயின், அவர்கள் இவ்வைத்தியரை நினைவார்களாக.