புரிசை கண்ணப்பத் தம்பிரான்

செய்யாறு என்றதும் ஞானசம்பந்தரின் பதிகத்தால் ஆண்பனை காய்த்த திருவோத்தூர் நினைவில் எழும். அச்செய்யாற்று வட்டாரத்திலேயே, ஏட்டில் அடங்காத மற்றொரு தமிழை வளர்த்த சிற்றூர் புரிசை. அங்குத் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்தாடி வந்த குடும்பத்தில், துரைசாமித் தம்பிரானின் மகனாகத் தோன்றியவர் கண்ணப்பத் தம்பிரான்.

இவ்வட்டாரத்தில் கோடை என்பது பாரதக் காலம். அறுவடை முடிந்து வயல்கள் ஓய்ந்திருக்கும் நாட்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவு நிகழும். இரவில் கூத்து நிகழும். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் எனக் கதை வளர்ந்து, படுகளத்திலும் தீமிதியிலும் நிறைவுறும். கிரேக்க நாட்டின் எபிதாவ்ரசில், பழங்காலக் கல்லரங்கில், 1955 முதல் கோடைதோறும் விழா எடுத்துத் தங்கள் தொல் நாடகங்களை மீட்டு ஆடி வருகின்றனர். புரிசையாருக்குக் கல்லரங்கு வாய்க்கவில்லை, மண்தரையே களரி. ஆயினும் மீட்க வேண்டிய நிலையும் நேரவில்லை. மரபு அறாமல் வந்தது.

அறாமல் காப்பது எளிதன்று. கூத்து வாத்தியார் பாட்டும் அடவும் வேடமும் தாளமும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். முகவீணையும் மத்தளமும் ஒலிக்க, கட்டியக்காரன் அழைக்க, திரை விலகி வேடம் வெளிப்படும் கணம் முதல் விடியும்வரை ஊர் உறங்காதிருக்க வேண்டும். இக்கல்வி முழுவதும் குடும்பத்தின் உடைமையாகவே இருந்தது. திரைப்படம் ஊர்தோறும் பரவிய காலத்தில், அந்த உடைமை ஓரிரு தலைமுறையில் ஒடுங்கிவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது.

அவ்வேளையில் புரிசையின் நடேசத் தம்பிரான் ஆடிய கூத்தைச் சென்னையில் கண்டு வியந்தார் எழுத்தாளர் ந. முத்துசாமி. 1977இல் கூத்துப்பட்டறை பிறந்தது. அதன் நடிகர்களுக்குக் கண்ணப்பத் தம்பிரான் ஆசிரியரானார். கூத்துக் குடும்பத்தில் பிறவாதவர்க்கு, நகரத்தார்க்கு, தம் குலச்செல்வத்தை அவர் வழங்கினார். இரவெல்லாம் ஆடும் கலை ஒரு மணி நேரக் காட்சியாகச் சுருங்கிவிடும் இடர் அதில் இருந்தது. ஆனால் நகரத்துக்குக் கற்பித்தவர் ஊர்க் களரியைக் கைவிடவில்லை. அதனால் வேரும் காய்ந்திலது, கிளையும் படர்ந்தது. பிரெக்டின் நாடகமும் மார்க்கேசின் சிறுகதையும் புரிசையாரின் கூத்தாக உருக்கொண்டன. கடல் கடந்தும் அக்குழு ஆடியது.

2003இல் அவர் மறைந்தார். அவருடைய மகன் சம்பந்தத் தம்பிரான் குழுவை ஏற்றார். தந்தையின் நினைவாகப் புரிசையில் எடுக்கப்பெறும் விழாவில், உள்ளூர்க் கூத்தும் நகரத்து நவீன நாடகமும் ஒரே களரியில் இரவு முழுதும் நிகழ்த்தப்பெற்றன.

கவிதைக்கு ஏடு துணை நிற்கும். கூத்துக்கு உடல் ஒன்றே ஏடு. தம் உடலில் எழுதப்பெற்றதைப் பிறர் உடலிலும் எழுதிவிட்டுச் சென்றவர் கண்ணப்பத் தம்பிரான். சொல்லைப் பேணுவோர் போற்றத்தக்க கொடை அது.