சேர். சி. வி. இராமன்: மிருதங்க ஒலியை ஆராய்ந்த விஞ்ஞானி

மாணவர்களே, சி. வி. இராமன் என்றதும் ஒளி பற்றிய ஆய்வே உங்களுக்கு நினைவுக்கு வரும். அவர் ஒலியையும் ஆராய்ந்தவர் என்பதை அறிவீர்களா?

இராமன் 1888 நவம்பர் 7இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் கற்று 1907இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கல்கத்தாவில் அரசாங்க நிதித் திணைக்கள அதிகாரியானார். எனினும், காலையும் மாலையும் கந்தோர் நேரம் போக எஞ்சிய பொழுதை இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடத்திலேயே கழித்தார். 1917இல் உயர்ந்த சம்பளமுள்ள அப்பதவியைத் துறந்து, அதிலும் குறைந்த சம்பளத்திற் பேராசிரியரானார்.

மன்னாரில் கோயிற் கச்சேரிகளில் நீங்கள் மிருதங்கம் கேட்டிருப்பீர்கள். சாதாரண மேளத்தோலில் எழும் மேற்றொனிகளின் மீடிறன்கள் அடிப்படை மீடிறனின் முழுவெண் மடங்குகளாக அமைவதில்லை. எனவே அதன் ஒலியிற் தெளிவான சுருதி இல்லை. மிருதங்கத்தில் மட்டும் சுருதி கேட்பது ஏன்? வலந்தலையின் நடுவிலுள்ள கரிய பூச்சே காரணம் என இராமன் கண்டார். அப்பூச்சு தோலின் நடுப்பகுதியைப் பாரமாக்கி, மீடிறன்களை ஏறத்தாழ 1:2:3:4:5 என்னும் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. 1920இல் இது பற்றி எழுதினார். பின்னர் தோலின் மீது நுண்மணலைத் தூவி, அதிர்வற்ற கணுக்கோடுகளையும் காட்டினார். நம் முன்னோர் செவியால் அறிந்ததை அவர் அளந்து நிறுவினார்.

இதனால் இன்று என்ன பயன் என்று கேட்பீர்கள். இறுவட்டு ஒன்று ஒரு செக்கன் ஒலியை ஒரு தடத்துக்கு 44,100 எண்களாகப் பதிகிறது. ஒலியை அதன் மீடிறன்களாகப் பிரித்தால் மிகக் குறைந்த எண்களே போதும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. குறுகிய காலத்துண்டு நேரத்தைத் துல்லியமாகக் காட்டும். நீண்ட துண்டு மீடிறனைத் துல்லியமாகக் காட்டும். இரண்டும் ஒருங்கே கிடையா என்பதை டெனிஸ் காபர் 1946இல் விளக்கினார். ஆகவே எம்பி3 முறையில், மிருதங்கத்தைத் தட்டும் கணம் போன்ற திடீர் ஒலிக்குக் குறுகிய துண்டும், நீடிக்கும் நாதத்துக்கு நீண்ட துண்டும் பயன்படுத்தப்படுகின்றன. இம்முறை இராமன் கண்டுபிடித்ததன்று; ஆயினும் ஒலியைக் கூறுகளாகப் பிரித்து அறியும் வழி இரண்டுக்கும் பொதுவானது.

இராமன் 1928இல் இராமன் விளைவைக் கண்டறிந்து, 1930இல் நோபல் பரிசு பெற்றார். 1970 நவம்பர் 21இல் பெங்களூரில் காலமானார்.

நினைவிற் கொள்க: ஆய்வுக்குரிய பொருள் தொலைவில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் வாத்தியத்திலும் விடை காணாத வினா இருக்கலாம்.