ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடியுரிமை பெற்ற உயிரியல் அறிஞர் ஆவார். மரபியலில் புகழ்பெற்ற இவர், குருதியில் ஆக்சிசன் பிணையும் விதத்தை விளக்கும் விதிகளை வகுத்தவர்களுள் ஒருவர்.

இளமை

ஹால்டேன் ஆக்சுபோர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கக் காற்றை ஆராய்ந்த உடலியங்கியல் அறிஞர். ஒருமுறை, கூரையருகே மெத்தேன் தேங்கியிருந்த சுரங்கத்தில் மகனை நிற்கவைத்து நாடக வசனம் ஒன்றை ஒப்பிக்கச் செய்தார். மூச்சுத் திணறி விழுந்த சிறுவர், தரையை ஒட்டியிருந்த நல்ல காற்றைச் சுவாசித்துத் தெளிந்தார்.

குருதி ஆய்வு

குருதியுடன் பொட்டாசியம் பெர்ரிசயனைடைச் சேர்த்து, வெளிவரும் ஆக்சிசனை அளக்கும் முறையைத் தந்தை உருவாக்கியிருந்தார். 1912 இல் தந்தையுடனும் சி. ஜி. டக்ளசுடனும் இணைந்து ஹால்டேன் தமது முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 19. ஈமோகுளோபினுடன் ஆக்சிசனும் கார்பன் மோனாக்சைடும் பிணையும் விகிதம், அவ்வளிமங்களின் பகுதி அழுத்தங்களைப் பொறுத்தது என அக்கட்டுரை கூறியது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிசனை விட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைவதால், சிறிதளவே இருப்பினும் உயிருக்கு ஆபத்தாகும்.

விரலில் பொருத்தும் துடிப்பு ஆக்சிமானி, ஏறத்தாழ 660, 940 நானோமீட்டர் அலைநீள ஒளிகள் உறிஞ்சப்படும் அளவை ஒப்பிட்டு ஆக்சிசன் செறிவைக் கணிக்கிறது. கார்பன் மோனாக்சைடு பிணைந்த ஈமோகுளோபினை இக்கருவி ஆக்சிசன் பிணைந்ததாகவே கருதுகிறது. ஆகவே புகையில் சிக்கியவருக்கு அளவு இயல்பாகத் தோன்றினும் அதனை நம்ப இயலாது. பல அலைநீளங்களைப் பயன்படுத்தும் குருதிச் சோதனை தேவைப்படும்.

தற்சோதனைகள்

1939 இல் தெட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தனர். காரணம் அறிய, ஹால்டேன் மூடிய அறையினுள் தம்மை அடைத்துக்கொண்டு கரியமில வாயு மிகுந்த காற்றைச் சுவாசித்தார். உயர் அழுத்த ஆக்சிசன் சோதனையொன்றில் வலிப்பு ஏற்பட்டு அவரது முதுகெலும்பு காயமுற்றது.

இந்தியாவில்

1957 இல் மனைவி எலன் இசுபர்வேயுடன் இந்தியா வந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றினார். பின்னர் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வகம் ஒன்றை நடத்தினார். 1964 இல் அங்கேயே புற்றுநோயால் காலமானார். அவரது விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.