ஒலியைப் பொதுவில் வைத்தவர்

மூலக்கொத்தளத்தில் வீட்டு ஆம்ப்ளிஃபையர்களை வடிவமைத்து இணைத்துக் கொடுப்பது என் தொழில். இசைத்தட்டின் ஊசி தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதை பிரீ-ஆம்ப்ளிஃபையர் உயர்த்திய பின்னரே, ஸ்பீக்கரை அசைக்கும் வலுவை பவர் ஆம்ப்ளிஃபையரால் ஏற்ற முடியும். முன்னதன் வெளியீட்டு மின்மறுப்பைப் போல் பத்து மடங்காவது பின்னதன் உள்ளீட்டு மின்மறுப்பு இருத்தல் நலம். இல்லையேல் ஒலி மெலியும். மெலிந்த குறிப்பலையைப் படிப்படியாகப் பெருக்கும் இக்கலை வால்வுக் காலத்துச் சொத்து. அதைச் சென்னை மக்களின் செவிக்குக் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி. இத்தொழிலில் இருப்போரிடையே கூட அவர் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது என்பது என் மனக்குறை.

இங்கிலாந்திலிருந்து திரும்பிய அவர், ஒலிபரப்புக் கருவிக்கான பாகங்களையும் உடன் கொண்டுவந்தார். அவற்றைப் பூட்டி இயங்கச் செய்ததோடு நில்லாமல், நண்பர்களைத் திரட்டி 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். ஜூலை 31 முதல் ஒலிபரப்பு நடந்தது. முதலில் இருந்த கருவியின் திறன் 40 வாட்; பின்னர் 200 வாட். இன்று ஒரு நடுத்தர வீட்டின் ஆம்ப்ளிஃபையரே 40 வாட் தருகிறது. ஒன்று வானலை, மற்றது கேட்பொலி என்பதால் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. ஆயினும், அவ்வளவு சிறு திறனைக் கொண்டு நகரத்தின் காற்றில் கச்சேரியை ஏற்றிய துணிவு வியப்புக்குரியது. இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் பம்பாய் நிலையம் பிறக்க இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன.

ஆர்வத்தால் நடக்கும் சங்கங்களுக்கு வரும் நோய் இதற்கும் வந்தது: பணமில்லை. 1927 அக்டோபரில் கழகம் ஓய்ந்தது. கருவியை அது சென்னை மாநகராட்சிக்கு அளித்தது. அந்தக் கொடையின் பயனைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். 1930 மார்ச்சில் அந்தக் கம்பெனி கலைக்கப்பட்டது. ஏப்ரல் 1 அன்று மாநகராட்சி தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த நாட்கள் அவை. மாநகராட்சியோ மெரினாவிலும் பீப்பிள்ஸ் பார்க்கிலும் எங்கள் பக்கத்து ராபின்சன் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தது. தன் பள்ளிகளிலும் பெட்டிகளை நிறுவியது. பெட்டி வாங்க வழியற்ற தொழிலாளிக்கும் மாலையில் இசை கிடைத்தது. 1949 செப்டம்பர் 18 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்ததால் ராபின்சன் பூங்காவை நாடறியும். அதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்பே அங்கு வானொலி ஒலித்ததை அறிந்தோர் சிலரே. பூங்கா வாயிலில் அதையும் ஒரு வரி எழுதி வைக்க மாநகராட்சிக்குப் பெருஞ்செலவு ஆகாது.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. மாநகராட்சி ஒலிபரப்பு அத்துடன் விடைபெற்றது.