கோலத்துக்கு 'கோடிங்' எழுதியவர்: யார் இந்த கிஃப்ட் சிரோமணி?

மார்கழி அதிகாலையில் மதுரை மாசி வீதிகளுக்குள் டூவீலரில் போனால், வாசல் கோலத்தின் மேல் சக்கரம் ஏறாமல் ஒதுங்கித்தான் போகணும். '15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி'. இந்த ஒரு வரி போதும், மேலூர் பாட்டியும் அலங்காநல்லூர் அக்காவும் ஒரே மாதிரி புள்ளி வைத்துவிடுவார்கள். நடுவில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை. ஐடி ஆட்கள் பாஷையில் இது ஒரு டொமைன் ஸ்பெசிஃபிக் லாங்குவேஜ். அதாவது, ஒரே ஒரு வேலைக்கான குட்டி மொழி. டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல் மாதிரி.

இதைக் கணிதமாகப் பார்த்தவர் கிஃப்ட் சிரோமணி. 1932-ல் பிறந்தவர், தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். மனைவி ராணி சிரோமணி அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியை. இவர்களோடு கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் கோலத்துக்கான 'அரே கிராமர்' கட்டுரையை வெளியிட்டார்கள். பர்சனல் கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வராத காலம் அது!

ஐடியா இதுதான். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இருக்கலாம். சின்ன வடிவங்களைப் பக்கத்தில் ஒட்டு, அல்லது கீழே ஒட்டு. பக்கத்தில் ஒட்ட இரண்டுக்கும் வரிசை எண்ணிக்கை சமமா இருக்கணும்; கீழே ஒட்ட பத்தி எண்ணிக்கை. பொருந்தாவிட்டால் ஒட்டாது, ஏறக்குறைய இன்றைய 'எரர்' மெசேஜ்தான். ஒட்டி வந்த வடிவத்தையே இன்னொன்றுக்குள் பதிக்கலாம். அதனால் நாலைந்து விதிகளே போதும், 5 புள்ளிக் கோலம் 50 புள்ளிக்கும் வளரும்.

கம்பிக் கோலம் வேறு ரகம். கோடு எங்கேயும் அறுபடாமல் புள்ளியைச் சுத்தி வரணும். 1980-களில் சிரோமணி இதை நேரா போ, வலது வளை, இடது வளை என்ற சில அசைவுகளாகப் பிரித்தார். இன்று பைத்தானுக்குள் 'டர்ட்டில்' ஓட்டுபவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி மனசுக்குள் ஓட்டிய புரோகிராம் அது. அதை 'கைவேலை' என்று ஒதுக்காமல் அறிவாக மதித்ததுதான் பெரிய விஷயம்.

அச்சிட்ட தமிழ் எழுத்தையும் பிராமியையும் கணினி அடையாளம் காணும் வழிகளையும் ஆராய்ந்தார். மாங்குளம், ஆனைமலை, அழகர்மலை என மதுரையைச் சுற்றிய குன்றுகளில் இருப்பது தமிழ் பிராமிதான்.

1988-ல், அறுபது வயதுகூட ஆகும் முன்பே மறைந்தார். வேலை நிற்கவில்லை. படங்களின் இலக்கணம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து, அஸ்ரியல் ரோசன்ஃபெல்டோடு சேர்ந்து 1993-ல் வெளியிட்டார் ராணி.